வடசேரியில் இருந்து வேர்கிளம்பிக்கு வீடு மாறுகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

மாடிவீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாகர்கோவில் வடசேரியில் ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இந்தக் கோடை லீவுக்குள் வேர்கிளம்பியில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் என் வீட்டுக்காரரின் குடும்ப வீட்டுக்கே போய்விடலாம் என்று முடிவாகிவிட்டது. மாமனார் தவறிய பிறகு மாமி எங்களோடு வந்துவிட்டதால் அந்த வீடு நாலு வருஷமாகப் பூட்டித்தான் கிடக்கிறது. முன்பக்கம் ஓடு, பின்னால் இரண்டு அறை மட்டும் கான்கிரீட், சுற்றிலும் ரப்பர் மரங்கள். கிணறு உண்டு. கரண்ட் பில் மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், இப்போது லீவு கிடைக்காது. மூத்தவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள், சின்னவன் நாலாம் வகுப்பு. மாமிக்கு மூட்டுவலி, படி ஏறி இறங்கவே சிரமம். எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டும். போனில் இரண்டு பேக்கர்ஸ்காரர்களிடம் விசாரித்தேன், ஒருவர் சொன்ன தொகைக்கும் இன்னொருவர் சொன்னதற்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம், இரண்டு பேருமே வந்து சாமானைப் பார்க்கவில்லை. ஆடிக்கு முன்னால் போயே ஆக வேண்டும் என்று மாமி சொல்கிறார். மழைக்கு முன்னால் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. லாரி பிடிப்பதா, டெம்போவா, பேக்கர்ஸா? எதை முதலில் செய்வது? ஸ்கூல், கேஸ், ரேஷன் கார்டு எல்லாம் எப்போது மாற்ற வேண்டும்? இதே மாதிரி உள்பகுதிக்கு மாறியவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.

லோடு_வண்டி:

தங்கச்சி, நான் இதே வேலைதான் பார்க்கிறேன், சொந்த வண்டி. எந்த வண்டி என்று கேட்பதற்கு முன்னால் வழி எப்படி என்று போய்ப் பாருங்கள். நாகர்கோவிலில் இருந்து அழகியமண்டபம் வரைக்கும் ஹைவே, அங்கிருந்து வேர்கிளம்பி வரைக்கும் எந்த வண்டியும் போகும். தகராறு எல்லாம் கடைசி அரை கிலோமீட்டரில்தான். ரப்பருக்குள் போகும் வழி வளைவில் எவ்வளவு அகலம் இருக்கிறது, மேலே தாழ்வாக ஒயர் போகிறதா, ஓடைக்கு மேல் போட்ட ஸ்லாப் லோடு தாங்குமா, வீட்டுக்கு முன்னால் வண்டி திரும்ப இடம் உண்டா, இது நாலையும் பார்க்க வேண்டும். பெரிய லாரி பிடித்து ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள், ரோட்டு முக்கில் லாரியை நிறுத்திவிட்டு அங்கிருந்து சின்ன வண்டியில் மாற்றி ஏற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சாமானை இரண்டு தடவை ஏற்றி இரண்டு தடவை இறக்கினால் கூலியும் இரட்டிப்பு, உடைசலும் இரட்டிப்பு.

உங்கள் ரப்பரில் பால் வெட்ட ஆள் வருகிறாரா? அவரிடம் கேளுங்கள். ரப்பர் ஷீட் எடுக்கவும் மரச்சீனி (மரவள்ளி) ஏற்றவும் அந்த வழியில் ஏதாவது ஒரு பிக்கப் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கும். அந்த டிரைவருக்கு எந்த வளைவில் எப்படி ஒடிக்க வேண்டும் என்று தெரியும். நாகர்கோவிலில் இருந்து தெரியாத வண்டியைக் கூட்டிப் போவதைவிட அவரை வடசேரிக்கு வரச் சொல்வது நல்லது.

டாடா ஏஸில் பின்பக்கத் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளம், அகலம் 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு, முக்கால் டன் வரை ஏற்றலாம். பீரோ படுக்கையாக ஏறும். டபுள் கட்டில் கழற்றினால்தான் ஏறும். நாலு பேர் இருக்கிற வீட்டுச் சாமான் ஒரு நடையில் போகாது, பிக்கப் என்றாலும் இரண்டு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நல்லதுதான், முதல் நடையில் என்ன போகிறது, இரண்டாவதில் என்ன போகிறது என்று உங்களால் பிரித்து அனுப்ப முடியும்.

பேக்கர்ஸ் விஷயம். சாமானைப் பார்க்காமல் போனில் தொகை சொல்கிறவரை நம்பி அட்வான்ஸ் போடாதீர்கள். ஏற்றி முடித்த பிறகு மாடி, தூரம், டோல் என்று கூட்டிக் கேட்டால் அப்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, சாமான் அவர்கள் வண்டியில் இருக்கும். சென்னை, பெங்களூர் என்று தூரம் போனால் அவர்கள் தேவை. மாவட்டத்துக்குள்ளேயே மாறுவதற்கு ஒரு வண்டியும் நாலு லோடுமேனும் போதும். கூலி பேசும்போதே மாடியில் இருந்து இறக்குவது, அங்கே வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது, கட்டிலைப் பூட்டிக் கொடுப்பது இது மூன்றும் சேர்த்துத்தான் என்று சொல்லிப் பேசுங்கள்.

திருவட்டாறு_மைனி:

வண்டி எல்லாம் அப்புறம். பூட்டிக் கிடந்த வீடு என்று படித்ததுமே எனக்கு மனசு அங்கேதான் போனது. நீங்கள் வடசேரி வீட்டில் ஒரு பெட்டி கட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டை ஆள் குடியிருக்கும்படி ஆக்குங்கள். எல்லோரும் இருக்கிற வீட்டைக் காலி பண்ணுவதையே வேலை என்று நினைக்கிறார்கள், போகிற வீடு தயாராக இல்லை என்றால் சாமான் எல்லாம் நடு அறையில் குவிந்து கிடக்கும், அதற்கு மேல் தூசி அடித்து, பிள்ளைகள் அதற்கு நடுவே படுத்து, அது மாசக்கணக்கில் இழுக்கும்.

முதலில் ஓடு. ஓடு மாற்றத் தெரிந்த ஆளை இப்போதே சொல்லிவையுங்கள், மே கடைசியில் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள். உடைந்த ஓடு, ஓட்டைத் தாங்கும் மரப்பட்டியலில் உளுத்தது, நகர்ந்த மூலை ஓடு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் ரப்பர் மரமோ அயனி மரக் கிளையோ இருந்தால் அதையும் இதோடு வெட்டிவிட வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் அன்றைக்கு நம் பக்கம் ரப்பர் எப்படி விழுந்தது என்று மாமியே சொல்வார். கான்கிரீட் அறைகளுக்கு மேலே சருகு விழுந்து மழைத் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் கிணறு. மே மாதம் தண்ணீர் தாழ்ந்திருக்கும்போதே மோட்டார் வைத்து இறைத்துவிடுங்கள், மழை பிடித்த பிறகு இறைத்தால் ஊற்று நிற்காது, கட்டு இல்லாத பக்கம் மண் இடியவும் செய்யும். உள்ளே ஆளை இறக்குவதாக இருந்தால் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். அணைந்தால் யாரும் இறங்கவே கூடாது, எரிந்தாலும் இடுப்பில் கயிறு கட்டி மேலே இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். நாள்பட மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும், இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் ஊறிய பிறகு பிளீச்சிங் பவுடர். சுகாதாரத் துறை சொல்லும் கணக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம். 7 அடி விட்டமும் 10 அடி தண்ணீரும் உள்ள கிணறு சுமார் 11,000 லிட்டர், அதற்கு 27, 28 கிராம்தான் வரும். பூட்டிக் கிடந்த கிணறு என்பதால் முதல் தடவை அதை இரட்டிப்பாகப் போடலாம். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து, அந்த வாளியைக் கயிற்றில் இறக்கித் தண்ணீருக்குள் மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். சாயங்காலம் போட்டால் மறுநாள் காலையில் எடுக்கலாம். மேலே டாங்க் இருந்தால் அதையும் கழுவிவிட்டு ஏற்றுங்கள்.

வயர்மேனைக் கூப்பிட்டு மெயின் போர்டில் இருந்து எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், எலி கடித்திருக்கும். பத்தாயம் (நெல் போட்டு வைக்கும் மரப்பெட்டி), மரக்கட்டில், பழைய அலமாரி ஏதாவது அங்கே இருக்கிறதா? இருந்தால் சிதல் (கறையான்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரி:

அண்ணா, மைனி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வழி ரொம்பக் குறுகல்தான், ஓடைக்கு மேல் பழைய ஸ்லாப் ஒன்று இருக்கிறது, அதில் லாரி ஏறாது. பால் வெட்டுகிறவர் ஒரு பிக்கப்காரர் நம்பர் கொடுத்தார், அந்த வழியில் அடிக்கடி வருகிறவராம். ஓடு பார்க்க ஆள் வரும் வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பத்தாயம் இருக்கிறது மைனி. அது மட்டும் இல்லை, உருளி, அண்டா, ஓலைக் கடவம் (பெரிய ஓலைப்பெட்டி), மாமனாரின் சாய்வு நாற்காலி, ஒரு அறை நிறைய இருக்கிறது. எங்கள் சாமான் வைக்க இடம் வேண்டும், எதையும் வெளியே கொடுக்க மாமிக்கு மனசு இல்லை. அவர் கண் கலங்கியதும் நானும் மேலே பேசவில்லை. ஆடி விஷயத்திலும் அவர் சொல்வதை மீற எனக்கு விருப்பம் இல்லை. ஸ்கூல் விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கருங்கல்_டீச்சர்:

ஸ்கூல் பற்றி நான் சொல்கிறேன். டிசி வாங்குவதற்கு முன்னால் புது ஸ்கூலில் இடம் உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் ஆன்லைன் பதிவு) நம்பர் இருக்கும், பழைய ஸ்கூலில் டிசி போட்டு எமிஸில் இருந்து அவர்களை விடுவித்தால்தான் புது ஸ்கூலில் சேர்த்துக்கொள்ள முடியும். தாளில் டிசி கொடுத்துவிட்டு எமிஸில் விடுவிக்காமல் விட்டால் ஜூனில் நீங்கள்தான் அலைய வேண்டும், அதனால் அங்கேயே நின்று கேட்டு வாங்குங்கள். மூத்தவள் ஒன்பதுக்குப் போகிறாள் என்பதால் இந்த வருஷமே மாறுவதுதான் சரி, அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் ஸ்கூல் மாற்றுவது பிள்ளைக்குக் கஷ்டம். அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். அந்த வயசில் கூட்டுக்காரிகளை விட்டு வருவது பெரிய விஷயம், பெரியவர்கள் வண்டியையும் கூரையையும் பேசிக்கொண்டிருக்கும்போது அதை யாரும் கேட்பதே இல்லை.

காகிதங்களில் முதலில் ஆதார் முகவரி. மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அது மாறியதும் ரேஷன் கார்டு முகவரியை ஆன்லைனில் மாற்ற விண்ணப்பிக்கலாம். ஓட்டர் ஐடிக்குப் படிவம் 8, தொகுதி மாறினாலும் இப்போது அதுதான். கேஸுக்கு, கனெக்‌ஷன் எடுத்தபோது கொடுத்த எஸ்வி தாளைத் தேடி எடுத்து வையுங்கள், இப்போதைய ஏஜென்சியில் சொல்லி புது இடத்து ஏஜென்சிக்கு மாற்ற வேண்டும். சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழைய டெபாசிட்தான் கையில் வரும், அங்கே இன்றைய டெபாசிட் கட்ட வேண்டியிருக்கும், அதனால் எது தேவையோ அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ரப்பர் டியூப் வாங்கி 5 வருஷம் ஆகியிருந்தால் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். தபாலுக்கு உங்கள் போஸ்ட் ஆபீஸில் புது முகவரிக்குத் திருப்பி அனுப்ப எழுதிக் கொடுக்கலாம்.

வாடகை வீட்டை விடும்போது கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டு ஓனருக்கு அனுப்புங்கள். நம் பில் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருகிறது, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறும். நடுவில் வேறு ஆள் குடிவந்து அவருடையதும் சேர்ந்து ஏறினால் யார் எவ்வளவு என்று பிறகு சண்டை வரும். அட்வான்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதையும் இப்போதே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டியோடு_அண்ணாச்சி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இவ்வளவு அவசரம் எதற்கு? நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூனில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. தை, மாசிதான் வீடு மாற நல்ல காலம். வெயிலும் தாங்கும், மழையும் இல்லை, ஆளும் கிடைக்கும். ஓடு, கிணறு எல்லாம் ஆற அமரச் செய்துவிட்டுப் போகலாமே.

கருங்கல்_டீச்சர்:

அண்ணாச்சி, பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. தையில் போனால் மூத்தவளுக்கு ஸ்கூல் நடுவில் மாறும், இல்லை என்றால் வேர்கிளம்பியில் இருந்து தினமும் நாகர்கோவிலுக்கு பஸ். அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம். இன்னொரு மழையை அந்த ஓடு தாங்குமா என்பதும் தெரியாது.

திருவட்டாறு_மைனி:

டீச்சர் சொல்வதுதான் என் கருத்தும். ஆடிக்கு ஒரு வழி இருக்கிறது. வைகாசியில் மாமிக்குத் திருப்தியான ஒரு நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடுங்கள். விளக்கு, சாமி படம், அரிசி, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், அது போதும். அன்றைக்கே சாமான் எல்லாம் வர வேண்டும் என்று இல்லை, பால் காய்ச்சி முடிந்த பிறகு வண்டி எந்த நாளில் வந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கம் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், கிறிஸ்தவ வீடுகளில் கூட முதலில் சாமியார் வந்து வீடு மந்திரித்துவிட்டுப் போவார், குடிபோவது அதற்குப் பிறகு.

மாமி சாமானை நீங்கள் ஒதுக்காதீர்கள் தங்கச்சி. அவரையே கூட்டிக்கொண்டு போய், ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் அவர் முன்னால் எடுத்து வையுங்கள். எது வேண்டும், எது யாருக்கு என்று அவர் வாயால் சொல்லட்டும். உருளியையும் அண்டாவையும் விட வேண்டாம், விசேஷத்துக்கு வேண்டும். உங்களிடம் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் அலமாரியை விற்றுவிட்டு, சிதல் இல்லை என்றால் அந்தப் பத்தாயத்திலேயே போர்வை, தலையணை, பழைய துணி எல்லாம் வைக்கலாமே. வயசான காலத்தில் அவர் திரும்ப அந்த வீட்டுக்குப் போகிறார். அங்கே எல்லாமே உங்கள் வடசேரி வீட்டுச் சாமானாக இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அந்தச் சாய்வு நாற்காலி அதன் பழைய இடத்தில்தான் கிடக்க வேண்டும்.

லோடு_வண்டி:

சரி, இனி கட்டுகிற வேலை. அட்டைப்பெட்டி கடையில் விலைக்கு வாங்க வேண்டாம், கோட்டாறு மொத்தக் கடைகளிலும் பழக்கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். ஆப்பிள் பெட்டி நல்ல கனமான அட்டை. புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பாதீர்கள், அடி பிய்ந்துவிடும், சின்னப் பெட்டிதான். பாத்திரம், கண்ணாடிக்குப் பழைய சேலை, லுங்கி, துண்டு. எப்படியும் அந்தத் துணியும் போக வேண்டும்தானே. வாழைச்சருகும் நல்லதுதான், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எறும்பு இருக்கிறதா என்று உதறிப் பார்க்க வேண்டும். பெட்டி மேலே என்ன இருக்கிறது என்று எழுதுவதைவிட எந்த அறைக்குப் போக வேண்டும் என்று பெரிதாக எழுதுங்கள். லோடுமேன்மார் ஒவ்வொரு பெட்டிக்கும் இது எங்கே என்று கேட்டு நிற்க மாட்டார்கள், கிடைத்த இடத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள்.

பிரிட்ஜை முந்தின நாளே ஆப் பண்ணி, ஐஸ் உருகித் துடைத்து வையுங்கள். நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும். வழியில் சாய்ந்துவிட்டால் அங்கே போய் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். முன்பக்கக் கதவு வாஷிங் மெஷின் என்றால் வாங்கியபோது பின்னால் இருந்து கழற்றிய நீள போல்ட்டுகளைத் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் டிரம் ஆடி ஆடி உள்ளே அடிவாங்கும். இன்வெர்ட்டர் பேட்டரி நேராக நிற்க வேண்டும், துணிமூட்டை பக்கத்தில் வைக்காதீர்கள், ஆசிட் ஒரு சொட்டு பட்டாலும் துணி ஓட்டையாகிவிடும். டிவியையும் படுக்க வைக்கக் கூடாது, இரண்டு மெத்தைக்கு நடுவே நிறுத்தினால் அசையாது. கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, நிமிர்த்தி, பின்பக்கம் கடைசியாக ஏற்றுங்கள்.

முதல் நடையில் கட்டில், பீரோ, மெத்தை, பெட்டிகள். அங்கே கட்டிலைப் பூட்டி மெத்தை போட்ட பிறகு இரண்டாவது நடை வரட்டும். கடைசியாக ஏறுகிற மூட்டைதான் அங்கே முதலில் இறங்கும். அதில் அடுப்பு, குக்கர், சாதம் வடிக்கிற பாத்திரம், டீத்தூள், சீனி, பக்கெட், மக், விளக்குமாறு, பல்பு, டார்ச், மாமியின் மாத்திரை, பிள்ளைகளுக்கு மாற்று உடுப்பு இருக்கட்டும். நகை, பாஸ்போர்ட், சர்டிபிகேட், வீட்டுப் பத்திரம் எதையும் வண்டியில் ஏற்ற வேண்டாம், ஒரு தோள்பையில் போட்டு உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஆறு மணிக்கு ஏற்றத் தொடங்கினால் நல்லது. மே மாதம் மதியத்துக்கு மேல் இடிமழை வரும், வேர்கிளம்பி பக்கம் மலைக்குக் கிட்டே என்பதால் நாகர்கோவிலில் வெயில் அடிக்கும்போதே அங்கே பெய்யும். செம்மண் வழி ஒரு மழையிலேயே வழுக்கும். வண்டிக்காரரிடம் தார்ப்பாய் இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். பார்வதிபுரத்தில் இருந்து தக்கலை வரைக்கும் காலையிலும் சாயங்காலமும் நெரிசல், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிவீட்டுக்காரி:

எல்லோரும் இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாமியிடம் பால் காய்ச்சு விஷயத்தைச் சொன்னதுமே முகம் தெளிந்துவிட்டது, அவரே பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரை வேர்கிளம்பிக்குக் கூட்டிப் போகிறேன். மகளிடமும் நேற்று ராத்திரி பேசினேன் டீச்சர், அவளுக்குப் பயம் எல்லாம் புது ஸ்கூலில் தனியாக நிற்க வேண்டுமே என்பதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே ஸ்கூலில்தான் படிக்கிறாள், லீவிலேயே இரண்டு பேரையும் சேர்த்துவிடப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மைனி, பத்தாயத்தில் சிதல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருவட்டாறு_மைனி:

கால் நாலையும் பாருங்கள், தரையில் இருந்து மண் கோடு மாதிரி ஏறியிருந்தால் சிதல்தான். பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கெட்டியாகக் கேட்டால் நல்ல மரம், பொள்ளலாகக் கேட்டால் உள்ளே தின்றிருக்கிறது. அடிப்பலகை மட்டும்தான் போயிருக்கிறது என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு அதை மட்டும் மாற்றிவிடலாம், தேக்கு, அயனி, பலா எதுவானாலும் மேலே உள்ள பலகை நன்றாகத்தான் இருக்கும். திரும்ப வைக்கும்போது சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் விட்டு, காலுக்கு அடியில் கல் கொடுத்து வையுங்கள். உங்கள் மரச்சாமானையும் வண்டியில் ஏற்றும் முன்னால் இதே மாதிரி பார்த்துவிடுங்கள், இங்கே இருந்து அங்கே கொண்டுபோக வேண்டாம்.

லோடு_வண்டி:

பத்தாயத்தை நகர்த்துவதாக இருந்தால் அதை வண்டி வருகிற அன்றைக்கே லோடுமேன்மாரிடம் சொல்லுங்கள் தங்கச்சி, ஆள் இருக்கும்போதே நகர்த்திவிடலாம். கூலி பேசும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.